பனி பெய்தால் மழை இல்லையா?

தை மாத விடியலில் மன்னாரின் கட்டுக்கரைக் குளக்கட்டில் நடந்தால் உடுத்த சாரம் முழங்கால்வரை நனைந்துவிடும். புல் நுனியெல்லாம் பனி. முருங்கன் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் அந்த ஈரத்தைக் காலால் தட்டிக் காட்டினார். "இனிக் குளத்துக்குத் தண்ணி வராது தம்பி. பனி பெய்தால் மழை இல்லை, பழம் இருந்தால் பூ இல்லை எண்டு சும்மாவே சொன்னவை?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. புல்லில் பனி கட்டத் தொடங்கினால் மன்னாரில் மாரி முடிந்தது என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பனி மழையைத் தடுக்கவில்லை. வானம் வெளித்து, காற்று அடங்கி, இரவில் நிலம் தன் வெப்பத்தை மேலே விட்டுவிடும்போது புல்லில் நீர் கோக்கிறது. வானம் வெளித்ததற்குக் காரணம் மேகம் போனது. பனியும் மழையின்மையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒன்று மற்றதைப் பெறவில்லை. பழமொழி அடையாளத்தைத்தான் சொல்லியிருக்கிறது. காரணம் என்று வாசிப்பவன் ஏமாறுவான்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1884இல் லண்டன் ரோயல் சொசைட்டியின் இதழில் ஹென்றி பிளான்ஃபோர்ட் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் அவர். இமயத்தில் பனிப்பொழிவு மிகுந்த ஆண்டுகளில் சமவெளியில் வறண்ட காற்றும் மழைத் தட்டுப்பாடும் தொடர்கின்றன என்பது அவருடைய கருத்து. தமிழில் சுருக்கச் சொன்னால் நம் பழமொழியின் முதற்பாதியே போதும். பனி என்ற சொல் நமக்குப் புல்லின் ஈரத்தையும் மலையின் வெண்மையையும் ஒருசேரக் குறிப்பதால் பொருத்தம் இன்னும் வேடிக்கையாகிறது. பிளான்ஃபோர்டின் பனி மழையின்மைக்குக் காரணமா, கமக்காரரின் பனியைப் போல வெறும் அடையாளமா? உலர்நிலம் ஒன்றின் பின்னாளைய பெருமழையைப் பற்றி, குறிப்பாக மன்னாரின் மாரியைப் பற்றி, அதனால் ஏதாவது சொல்ல முடியுமா? நூற்று நாற்பது ஆண்டுகளாக வெவ்வேறு உருவில் திரும்பத் திரும்ப வரும் இந்தக் கருத்தை எடைபோட மன்னார் நல்ல இடம் என்று நினைக்கிறேன். கருத்து தன் வீட்டை விட்டு மிகத் தொலைவில் வந்து நிற்பது இங்கேதான்.

பிளான்ஃபோர்ட் இதை எழுதியது 1876–78 பெரும்பஞ்சத்தின் நிழலில். சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்த பஞ்சம் அது. உயிர் பிழைக்கத் தோணியேறிய தென்னிந்தியத் தொழிலாளர் கூட்டம் கரையிறங்கிய இடங்களில் ஒன்று மன்னார்க் கரை. இங்கிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாகப் போனார்கள், வழியில் செத்தவர்களும் ஏராளம். பனிக் கோட்பாடு பிறந்த அதே வறட்சி மன்னார் மணலிலும் கால்தடம் பதித்துத்தான் போனது.

ஆனால் 1877 மிக வலுவான எல் நினோ ஆண்டு என்பதும், இந்து சமுத்திரத்தின் மேற்குப் பாதி வழமைக்கு மீறிச் சூடேறிக் கிழக்குப் பாதி குளிர்ந்த ஆண்டு என்பதும் இன்று தெரியும். எல் நினோவாகப் பசிபிக்கின் நடுப்பகுதி சூடானால் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் நொடிக்கும். பிளான்ஃபோர்டுக்கு இதை அறிய வழியில்லை. தொடர்பு இருப்பதாகச் சந்தேகிக்கக்கூட எவரும் அன்று இல்லை. கோட்பாட்டுக்குத் தூண்டுகோலான பஞ்சத்திலேயே இன்னொரு வலுத்த குற்றவாளி ஒளிந்திருந்தான். பிளான்ஃபோர்டின் சோதனை முன்னறிவிப்புகள் சில பலித்தன. 1886 முதல் அவை அதிகாரபூர்வமாக வெளிவந்தன. அவருக்குப் பின் வந்த ஜோன் எலியட் பனியோடு வேறு பலவற்றையும் சேர்த்து நீண்ட அறிக்கைகள் எழுதினார். 1899க்கு நல்ல மழை என்றார், வந்தது கொடும் பஞ்சம். கில்பர்ட் வாக்கர் வந்து பனியைப் பல காரணிகளில் ஒன்றாக ஒதுக்கி வைத்துவிட்டு, உலகெங்கும் காற்றழுத்தக் கணக்குகளைப் புரட்டி, பசிபிக்குக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையிலான அழுத்த ஊசலை, 1924இல் தென் அலைவு என்று பெயரிட்டதைக் கண்டெடுத்தார். பனியைத் தேடப் போனவர்கள் கடலில் வந்து நின்றார்கள்.

பனி ஏன் மழையைக் குறைக்க வேண்டும்? பொறிமுறை எளிது, அதனால்தான் கவர்ச்சியும். புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் எண்பது வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். வெறும் மண் அனுப்புவது இருபது, முப்பது வீதம். மீந்த வெயிலும் பனியை உருக்குவதில் செலவாகும். உருகிய நீர் மண்ணை நனைக்கும், அந்த ஈரம் உலர மீண்டும் வெயில் வேண்டும். இத்தனையும் முடியும்வரை நிலம் சூடேறாது. நிலம் சூடேறாவிட்டால் கடலுக்கும் நிலத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு குறையும், பருவக்காற்று தளரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் விளங்கும் விளக்கம்.

விளங்குகிறது என்பதற்காக அளவைச் சோதிக்காமல் விடக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உருக்கினால் பத்து சென்ரிமீற்றர் தண்ணீர் ஆகக்கூடிய பனி ஒரு மேட்டுநிலத்தில் கிடக்கிறது. சதுரமீற்றருக்கு நூறு கிலோ. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வேண்டும், நூறு கிலோவுக்கு 33 மெகாஜூல். வசந்த காலத்தில் திபெத் போன்ற மேட்டுநிலத்தில் ஒரு நாளில் விழும் வெயில் சதுரமீற்றருக்கு 20 மெகாஜூலுக்குக் குறையாது. அத்தனையும் பனிக்குள் போனால் இரண்டு நாள்கூடத் தேவையில்லை. பனி பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதால் ஒரு வாரம், பத்து நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தது ஈரம். நூறு கிலோ தண்ணீரை ஆவியாக்க 250 மெகாஜூல் வேண்டும், பன்னிரண்டு நாளின் முழு வெயில். பாதி ஓடையில் வடியும், வெயிலில் ஒரு பகுதிதான் ஆவியாக்கப் பயன்படும், இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் மண்ணின் ஞாபகம் ஏறக்குறைய ஒரு மாதம். தாராளமாக இரண்டு.

ஏப்ரல், மே மாதப் பனி ஜூனில் பேசும். ஜூலையில் முணுமுணுக்கும். ஒக்டோபரில் அதற்கு வாய் இருக்காது.

மன்னாரின் நாட்காட்டி இனித்தான் குறுக்கே வருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீற்றர் மழை பெறும் இடம் இது. லண்டன் நகரத்துக்குக் கிடைப்பதோ அறுநூற்றுச் சொச்சம். ஆனாலும் இலங்கையின் வறண்ட இரு மூலைகளில் ஒன்று மன்னார், மற்றது அம்பாந்தோட்டைப் பக்கம். மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் என்ற மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மீதி மாதங்களில் வெயிலும் காற்றும் உறிஞ்சுகின்றன. ஜூன் முதல் செப்டெம்பர்வரை, இந்தியா முழுதும் பருவமழைக்கு வானம் பார்க்கும் காலத்தில், இங்கே சோளகம் என்ற தென்மேற்குக் காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கும். மழையோ பெயருக்குத்தான். அந்தக் காற்றை நம்பித்தான் மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் தம்பபவனி காற்றாலைகள் முப்பது எழுந்தன. சோளகம் கடலைத் தாண்டித்தான் வருகிறது, ஈரமும் இருக்கிறது. தட்டையான தீவில் அதை மேலே தூக்க மலை இல்லை. இரத்தினபுரியில் கொட்டுவது இங்கே வெறுங்காற்றாகக் கடந்து போகிறது.

ஆக, பனி தன் கையை வைப்பதாகச் சொல்லப்படும் பருவத்தில் மன்னாருக்கு மழை இல்லாத குறைதான். மன்னாருக்கு மழை வரும் பருவத்தில் பனியின் கை எட்டாது. வழக்கை இங்கேயே தள்ளுபடி செய்யலாம். ஆனால் எதிர்த்தரப்பு இன்னொரு சாட்சியை வைத்திருக்கிறது, அதையும் கேட்பதுதான் முறை.

தென்மேற்குப் பருவமழை தளர்ந்த ஆண்டுகளில் வடகீழ்ப் பருவமழை ஓங்கும் போக்கு தமிழ்நாட்டிலும் வட இலங்கையிலும் உண்டு என்பது பழைய அவதானம். அப்படியானால் சங்கிலியைக் கோக்கலாம். இமயத்தில் பனி கூடினால் இந்தியாவில் ஆடி, ஆவணி மழை குறையும், அது குறைந்தால் மன்னாரில் ஐப்பசி, கார்த்திகை மழை கூடும். உலர்நிலத்துக்குப் பனி பெருமழையைக் கொண்டுவருகிறது என்று முழங்கிவிடலாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

முதற் கண்ணியைத் தட்டிப் பார்ப்போம். 1976இல் ஹானும் சுக்லாவும் செய்மதிப் படங்களைக் கொண்டு யூரேசியாவின் குளிர்காலப் பனிப்பரப்பையும் இந்தியக் கோடை மழையையும் ஒப்பிட்டார்கள். எதிர்மாறான உறவு பளிச்சென்று தெரிந்தது, பிளான்ஃபோர்ட் மறுபிறவி எடுத்தார். ஆனால் அவர்களிடம் இருந்தது 1967 முதல் 1975 வரையான தரவு. ஒன்பது ஆண்டு! ஒன்பது மாரிக் காலபோகத்தைப் பார்த்துவிட்டு ஒரு குளத்தின் குணத்தைச் சொன்னால் எந்தக் கமக்காரர் அமைப்பும் நம்பாது. 1999இல் புனேயின் கிருபளானியும் குல்கர்னியும் சோவியத் நிலையங்களின் நீண்டகாலப் பனி ஆழப் பதிவுகளைப் பார்த்தபோது மேற்கு யூரேசியாவில் பனி கூடினால் இந்திய மழை குறைவதும், கிழக்குப் பகுதியில் பனி கூடினால் மழை கூடுவதும் தெரிந்தன. எந்தப் பனி என்று கேட்காமல் பனி என்று பேசுவதில் பொருள் இல்லை என்றாகிவிட்டது. 2004இல் ஃபசுல்லோ ஆண்டுகளைப் பிரித்துப் பார்த்தார். எல் நினோவோ அதன் எதிர்நிலையான லா நினாவோ ஓங்காத ஆண்டுகளில்தான் பனிக்கும் மழைக்குமான உறவு தெளிவாகத் தென்பட்டது. மூன்றில் எனக்கு மிகவும் நேர்மையாகப் படுவது இந்தக் கடைசி முடிவு. பனிக்கு உண்மையான விளைவு உண்டு, கடல் வாய் திறந்தால் அது அடங்கிப்போகும் என்கிறது.

சீனத்து ஆய்வாளர்கள் திபெத்துப் பனி கூடினால் யாங்சி ஆற்றுப் படுகையில் கோடை மழை கூடும் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அதே பனி இந்தியாவுக்கு வறட்சி, சீனாவுக்கு வெள்ளம். உலர்நிலத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு நியூ மெக்சிகோ. றொக்கி மலையின் தென்பகுதியில் வசந்தப் பனி குறைந்தால் கோடை மழை கூடும் என்று 1997இல் குட்ஸ்லரும் பிரெஸ்டனும் காட்டினார்கள். அந்த உறவும் பின்னர் பார்த்தபோது சில பத்தாண்டுகளில் வலுத்தும் சிலவற்றில் கரைந்தும் காணப்பட்டது. ஆனால் நியூ மெக்சிகோவுக்கும் அதன் பனிக்கும் இடையில் சில நூறு கிலோமீற்றர், சில வாரம். அங்கே கருத்து தன் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. மன்னாருக்கும் இமயத்துக்கும் இடையில் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல், ஆறு மாதம்.

நடைமுறைச் சோதனையும் நடந்திருக்கிறது. 1988 முதல் இந்திய வானிலைத் துறை பதினாறு காரணிகளைக் கொண்ட மாதிரியைப் பயன்படுத்தியது. இமயப் பனியும் யூரேசியப் பனியும் அதில் இருந்தன. 2001 வரை நாடளாவிய வறட்சி எதுவும் வராததால் மாதிரி தேறிக்கொண்டே போனது. 2002க்குச் சராசரியில் 101 வீத மழை என்றது, பெய்தது 81 வீதம். அடுத்த ஆண்டே மாதிரியைக் கழற்றி வேறு பூட்டினார்கள். பனியின் குற்றம் மட்டுமல்ல அது. ஆனால் பனி உள்ளே இருந்தும் காப்பாற்றவில்லை. இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. வட அரைக்கோளத்தின் வசந்தப் பனிப்பரப்பு கடந்த அரை நூற்றாண்டில் தெளிவாகச் சுருங்கியிருக்கிறது. பனியே தலைமைக் காரணி என்றால் இந்தியப் பருவமழை சீராக வலுத்திருக்க வேண்டும். 1950களிலிருந்து இந்த நூற்றாண்டின் தொடக்கம்வரை மத்திய இந்தியாவில் நடந்தது நேர்மாறு. இந்து சமுத்திரம் சூடேறியதையும் காற்றில் கலந்த புகைத் துகள்களையும் அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள்.

சரி, முதற் கண்ணிக்கு 0.4 என்ற தொடர்புக் கெழுவைத் தாராளமாகக் கொடுப்போம். இரண்டாவது கண்ணிக்கும் அதையே கொடுப்போம். இரண்டையும் பெருக்கினால் 0.16. அதன் வர்க்கம் மூன்று வீதத்துக்கும் குறைவு. பனி தென்மேற்குப் பருவமழையின் வழியாக மட்டுமே மன்னாரைத் தொடுகிறது என்றால், ஒரு மாரிக்கும் இன்னொரு மாரிக்கும் உள்ள வேறுபாட்டில் பனியால் விளக்க முடிவது நூற்றில் மூன்றுக்கும் கீழே. கையில் மீதி தொண்ணூற்றேழு.

அந்த இரண்டாவது கண்ணியே ஓர் ஏமாற்று. தென்மேற்குப் பருவம் தளர்வதும் வடகீழ்ப் பருவம் ஓங்குவதும் பெரும்பாலும் எல் நினோ என்ற ஒரே தாயின் பிள்ளைகள். குளக்கட்டில் பார்த்தோமே, பனியும் மழையின்மையும், அதே கதை. எல் நினோ ஆண்டுகளின் ஒக்டோபர் முதல் டிசெம்பர்வரை இலங்கையில் மழை கூடும் போக்கை லரீஃப் சுபைரும் ரோப்பலெவ்ஸ்கியும் 2006இல் விரிவாகக் காட்டினார்கள். இந்து சமுத்திரத்தின் மேற்குச் சூடும் கிழக்குக் குளிரும் காலபோக மழையைக் கூட்டுவதைச் சுபைர் அதற்கு முன்பே எழுதியிருந்தார். 1997இல் இரண்டும் சேர்ந்தன, மழை பொழிந்தது. 2016இல் இந்து சமுத்திரம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. தமிழ்நாட்டில் வடகீழ்ப் பருவம் அறுபது வீதத்துக்கு மேல் பொய்த்தது, இலங்கையின் காலபோகம் பல தசாப்தங்களில் காணாத வறட்சியில் காய்ந்தது.

பனியின் செய்தி ஒக்டோபர்வரை உயிரோடு வர ஒரே ஒரு வழி இருக்கிறது, கடல். பருவக்காற்று தளர்ந்தால் அரபிக் கடல் குறைவாகக் கலக்கப்படும், மேற்பரப்பு சூடாக நிற்கும், அந்தச் சூடு மாதக்கணக்கில் நிலைக்கும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் பனியின் செய்தி கடலில் எழுதப்பட்டுவிட்டதென்றால் கடலையே படிக்கலாமே. செப்டெம்பரில் கடலின் வெப்பநிலை மிதவைகளாலும் செய்மதியாலும் நாளாந்தம் அளக்கப்படுகிறது. தபாற்காரன் கடிதத்தைக் கையில் தந்தபிறகு, எழுதியவன் எந்த மையால் எழுதினான் என்று ஆராய்ந்து மன்னார்க் கமக்காரருக்கு ஆகப்போவது என்ன?

எனக்குச் சற்று மதிப்புள்ளதாகப் படும் எதிர்வாதம் வேறு. வசந்தப் பனியை விட்டுவிட்டு ஒக்டோபரில் சைபீரியாவில் விழும் புதுப்பனியைப் பார்க்கலாம். அது சைபீரிய உயரழுத்தத்தை வலுப்படுத்தி வாடைக்காற்றை முறுக்கலாம். ஆறு மாத இடைவெளிச் சிக்கல் இங்கே இல்லை. ஆனால் ஜூடா கோஹன் முன்வைத்த அந்த உறவும் அண்மை ஆண்டுகளில் தளர்ந்து காணப்படுகிறது, கணினி மாதிரிகள் அதைச் சரியாகப் பிரதி செய்வதுமில்லை. அது நின்றாலும் வலுக்கும் வாடை மார்கழி, தைக்கு உரியது. மிஞ்சிய வாடை உலர்ந்த குளிரைக் கொண்டுவந்து மன்னாரின் மழையை முடித்துவைக்கும். புல்லில் பனி கட்டும் காலம் அதுதான்.

இவ்வளவும் ஒரு பருவத்தின் மொத்த மழையைப் பற்றியது. பெருமழை என்பது வேறு விலங்கு. மன்னாரில் ஒரு மாரியின் கணிசமான பங்கு சில நாள்களுக்குள் விழுந்துவிடும். வங்கக் கடலில் ஒரு தாழமுக்கம் உருவாகி, எந்தப் பாதையில் எவ்வளவு மெதுவாகக் கடக்கிறது என்பதே எல்லாம். 1964 டிசெம்பர் 22, 23இல் வந்த புயல் வட இலங்கையைக் கடந்து மன்னாரையும் தனுஷ்கோடியையும் அடித்தது. 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி மன்னார் வளைகுடாவில் இறங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். அந்த மாரியில் பசிபிக்கில் லா நினா, இந்து சமுத்திரம் கிழக்கே சூடு. கடற்குறிகள் இரண்டும் மழை குறையும் பக்கமே சாய்ந்திருந்தன. ஆனால் டித்வா நாட்டையே புரட்டிப்போட்டது, அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அனுராதபுரத்துக்கு அப்பாலிருந்து 164 கிலோமீற்றர் ஓடிவரும் அருவி ஆறு பெருகி மன்னாரின் தாழ்நிலங்களை மூழ்கடித்தது. பனியைவிட எத்தனையோ மடங்கு நம்பகமான கடற்குறியே ஒரு புயலின் முன்னால் தோற்றது. பனியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில் என்ன இருக்கிறது?

இங்கே ஓர் உள்ளூர் விடயத்தையும் சொல்லிவிட வேண்டும். காற்றாலைகள் வந்தபிறகு மழை குறைந்துவிட்டது என்று மன்னாரில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். காற்றாலைகளை எதிர்க்க வலுவான நியாயங்கள் உண்டு. வலசை வரும் பறவைகள், மீன்பிடி, வெள்ளம் வடியும் வாய்க்கால்கள் எல்லாம் கேட்கப்பட வேண்டியவை. ஆனால் மழைக் கதையை, இமயப் பனிக்கு வைத்த அதே உரைகல்லில் உரைத்துப் பார்க்காமல் ஏற்க முடியாது. எத்தனை ஆண்டுத் தரவு? பொறிமுறை என்ன, அதன் அளவு எவ்வளவு? அதே ஆண்டுகளில் கடல் என்ன செய்துகொண்டிருந்தது? மூன்றுக்கும் விடை வராதவரை அது புல்லில் கட்டிய பனிதான்.

என் தீர்ப்பு இது. வசந்த காலத்து மேட்டுநிலப் பனி தன்னைச் சூழ்ந்த நிலத்தின் அடுத்த ஓரிரு மாத வானிலையை மாற்ற வல்லது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, உலக வானிலை மாதிரிகளில் அதை அளந்து ஊட்டுவது அவசியம். பிளான்ஃபோர்ட் தவறவில்லை. பனிக்கு இருக்கும் சிறு உண்மையை அவருக்குப் பின் வந்தவர்கள் தொலைவுக்கும் காலத்துக்கும் நீட்டினார்கள். மன்னாரின் மாரிக்கு முன்னறிகுறியாக அதை ஏற்க முடியாது. பெருமழைக்கு அறவே முடியாது. எந்தப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலாவது யாராவது இமயத்தில் இம்முறை பனி கூட என்று தொடங்கினால், கமநல சேவை உத்தியோகத்தர் மரியாதையாக அடுத்த விடயத்துக்குப் போய்விடலாம்.

புழுதி விதைப்புக்கு ஆவணி முடியும்போது முடிவெடுக்க வேண்டும். அப்போது பசிபிக்கும் இந்து சமுத்திரமும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்தால் தராசு ஒரு பக்கம் சற்றே இறங்கும், அவ்வளவுதான். குளத்தின் வான்கதவு திறப்பது வேறு கணக்கு. அதற்கு நான்கைந்து நாள் முன்னறிவிப்பும், அனுராதபுரத்தில் நேற்று விழுந்த மழையும், அருவி ஆற்றின் தேக்கம் அணையில் இன்று காலை நீர் எந்த அளவில் நிற்கிறது என்பதும் வேண்டும்.

இதில் பாதியைக் குளக்கட்டிலேயே கமக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப தேக்கத்திலை நிக்கிற பொடியனுக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் குடுத்தாக் காணும் எண்டுறீர்" என்றார்.